முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

வேதநாயகி எட்டாவதோடு நின்றவள். பத்தொன்பது வயதில் பெங்களூரில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஐம்பத்தொன்றில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இடையில் இருந்த முப்பத்திரண்டு வருஷமும் ஒரே வேலை. கடிகாரத்தின் முகப்புத் தகடுகள் தட்டுத் தட்டாக வரும். வலது கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறலோ, தூசோ, எண்ணில் மை பிசிறியதோ இருந்தால் பின்பக்கம் சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும். தகடு ஒன்றுக்கு நான்கு நொடி.

ஒருமுறை சூப்பர்வைசர், அவளைச் சோதிக்க வேண்டுமென்றே, அவள் காலையில் ஒதுக்கிய தகடு ஒன்றைப் புள்ளியைத் துடைத்துவிட்டு மாலைத் தட்டில் கலந்து வைத்தார். ஐந்நூறு தகடுகளுக்குள் அது ஒன்று. ஷிஃப்ட் முடியுமுன் அதை அவர் மேஜைமேல் வைத்து, "இது காலையிலேயே வந்துச்சி சார்" என்றாள். அன்றிலிருந்து கூட வேலை செய்த பெண்கள் அவளை ரிஜெக்ட் நாயகி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த மூன்று வரன்களிலும் குறை கண்டுபிடித்தாள். ஆஸ்டின் டவுனில் இரண்டு அறை வீடு ஒன்றைத் தன் பெயரில் வாங்கினாள். அப்பா தையற்காரர், அவரையும் அம்மாவையும் அந்த வீட்டில்தான் வைத்துக் காப்பாற்றினாள். தங்கை உஷாவைப் பி.காம். படிக்க வைத்ததும் அவள்தான். இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள்.

உஷா அவளைவிடப் பதிமூன்று வயது சின்னவள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் குடித்தே செத்தான். தொண்ணூற்றைந்தில் நாலு வயது தீபிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேதநாயகி கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டே, "அந்த ஆளு செகண்ட்ஸ்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். செகண்ட்ஸ் என்பது தொழிற்சாலையில் தேறாத சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளும்போது சொல்லும் பேர். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் முன்பும் இதைச் சொன்னாள். தீபிகாவுக்குப் புரிகிற வயசு வந்த பிறகும் சொன்னாள்.

ஒன்பது வருஷம் அந்த வீட்டில் உஷா கழுவி வைத்த டம்ளர்களெல்லாம் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்த் திரும்பின. திருப்தி இல்லையென்றால் வேதநாயகி ஒரு வார்த்தை பேச மாட்டாள். டம்ளரை மறுபடி தொட்டியில் வைத்துவிட்டுப் போவாள். உஷா மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடிப்பாள். பதிமூன்று வயதாகியும் தீபிகாவின் காதை மடக்கிப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பாள். டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலை முடிந்து உஷா வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அதற்குள் அன்றைக்கு அவள் செய்த தவறுகள் வேதநாயகியின் மனதுக்குள் வரிசையாகத் தயாராக இருக்கும்.

காதில் கிடந்த கம்மலைத் தவிர உஷாவுக்கென்று இருந்த சொத்து ஒரே ஒரு வெள்ளி ரூபாய்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அப்பா தைத்துக் கொடுத்த கோட்டுக்குக் கூலியாக ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது. ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்டது, வருஷம் 1939. அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்ததே கொஞ்சம்தான், பத்திரமாக வைத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா அதை லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வெள்ளைக்கார ராஜா நெற்றிக்குப் பொட்டு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் ராஜாவைக் குப்புறக் கிடத்தி, ஒரு ரூபாய் என்றும் வருஷமும் எழுதியிருக்கும் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குழைத்துக் குங்குமம் இட்டாள். லட்சுமி இருக்கிற காசைக் கழுவினால் லட்சுமியும் போய்விடுவாள் என்று ஒருநாளும் கழுவவில்லை. இருபத்தேழு வருஷம். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா அதை எடுத்து உஷா கையில் கொடுத்தாள். "பெரியவளுக்கு வீடு இருக்கு" என்றாள். உஷாவும் எட்டு வருஷம் அதே மாதிரி இட்டு வந்தாள். காசின் அந்தப் பக்கம் செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடந்தது. வருஷத்தின் முதல் மூன்று எண்கள் மங்கலாகத் தெரியும். நாலாவதின் தலையும் வாலும் மட்டும் பொருக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம், காக்ஸ் டவுனில் பிரிஜெட் என்ற டீச்சரம்மா வீட்டின் பின்கட்டு காலியாவதாக உஷா கேள்விப்பட்டாள். ஒரு அறை, சமையல் மேடை, தனிக் குழாய். மூவாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். முப்பதாயிரம்.

"எதுக்குடி தனியா?" என்றாள் வேதநாயகி. "இங்க உன்ன யாரு என்ன சொன்னா?"

உஷா தொட்டிக்குத் திரும்பி வந்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். வேதநாயகி அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

காசை விற்கலாம் என்று உஷாவுக்குச் சொன்னது தீபிகா. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அந்த வருஷத்து ரூபாயின் விலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் காந்தா, "புளியும் விபூதியும் போட்டுத் தேய்ச்சுக் குடும்மா, கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்பதான் ரேட்டு ஏறும்" என்றாள். உஷா புளியை ஊற வைத்தும்விட்டாள். வேதநாயகி வந்து கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள்.

"தேய்ச்சா மேல் தோலு போயிடும். போன தோலு வராது. எதையும் யோசிக்காமப் பண்றதே உன் வழக்கம்."

அதில் அவள் சொன்னது சரிதான். சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்த தேசிகனும் அதையே சொன்னார். ஃப்ரேசர் டவுனில் ஒரு மாடிப்படி முடிவில் பழைய காசும் தபால் தலையும் வாங்கி விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். நாற்பது வருஷமாகக் காசு பார்க்கிறவர். ரூபாயை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுவாம கொண்டு வந்தேளே, அதுவே புண்ணியம். தேய்ச்ச காசை நான் எடை போட்டுத்தான் வாங்குவேன்."

"இது என்ன வெல போகும் சார்?" என்றாள் உஷா.

"ரெண்டு வழி இருக்கும்மா. இப்படியே குடுத்தா முப்பதாயிரம் இப்பவே தரேன். இந்தக் குங்குமத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கை வெச்சுப் பாக்கவும் மாட்டேன். கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது? நல்லது இருந்தா என் அதிர்ஷ்டம், இல்லைன்னா என் தலையெழுத்து. அதுக்குத்தான் முப்பது."

"இன்னொரு வழி?"

"அமெரிக்காவுக்கு அனுப்பணும். அங்க இதுக்குன்னே கம்பெனி இருக்கு. காசு அசலா, எந்தத் தரம்னு பாத்துப் பிளாஸ்டிக் பெட்டில போட்டு சீல் வெச்சுக் குடுப்பா. அழுக்கைக்கூட அவாளே பதமா எடுப்பா. நாலு மாசம் ஆகும். செலவு அஞ்சாயிரம் உங்களோடது. தேறி வந்தா ஒண்ணேகால் லட்சத்துக்குக் குறையாது. தேறலைன்னா பிளாஸ்டிக் பெட்டி மிச்சம்." சிரித்தார். "திங்கக்கிழமை சொல்லுங்கோ. அக்காவுக்குக் கடிகாரக் கம்பெனிக் கண்ணாமே, அவாளையே கேளுங்கோளேன்."

பஸ்ஸில் உஷா முப்பதாயிரத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வருவதற்கு முன் அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்து சொல்லுக்கா. உன் கண்ண மாதிரி எவளுக்கும் கிடையாது. நல்ல காசுன்னு நீ சொன்னா அனுப்பிடலாம். தூசி அளவு சந்தேகம் இருந்தாலும் சொல்லிடு, நான் முப்பதை வாங்கிக்கினு வீட்டப் பிடிக்கிறேன்."

ஒன்பது வருஷத்தில் உஷா தன் கண்ணைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று வேதநாயகிக்குப் பட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பாக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உஷாவும் தீபிகாவும் பிரிஜெட் டீச்சரின் பின்கட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். செருப்புப் போடும்போது தீபிகா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது உள்ளே கேட்டது. "அங்க போனா டம்ளர ஒரு தரம் கழுவினா போதும்மா." உஷாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் வேதநாயகி கேட்டதே இல்லை.

அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓய்வு பெறும்போது எடுத்து வந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். மூங்கில் பல்குச்சியின் முனையைத் தேங்காயெண்ணெயில் தொட்டு, கடைசி எண்ணின் மேலிருந்த பொருக்கை ஊற விட்டாள். அரை மணி நேரம் கழித்து, உலோகத்தில் குச்சி படாமல், பொருக்கை மட்டும் நெம்பினாள். அது ஒரே சில்லாகக் கழன்று வந்தது.

நான்கு நொடி போதுமாக இருந்தது.

அது ஒன்பது இல்லை. எட்டு. எட்டின் கீழ்ச் சுழியில் இடப் பக்கத்தை எவனோ ஊசியால் சுரண்டி எடுத்திருந்தான். சுரண்டிய இடம் சுற்றியிருந்த தளத்தைவிடத் தணிந்து கிடந்தது. மூன்று இழுப்பு. நடு இழுப்பு கை தவறி வெளியே ஓடியிருந்தது. முப்பத்தெட்டாம் வருஷத்துச் சாதாரண ரூபாய். கோட்டைப் போட்டுக்கொண்டு போன அந்த மனுஷன், மூன்று ராத்திரி கண் விழித்துத் தைத்த அப்பாவுக்குக் கூலியாக இதைத்தான் கொடுத்திருக்கிறான். அப்பா அதைச் சாகும்வரை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டார்.

வேதநாயகி கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே கொடியில் உஷாவின் புடவையும் தீபிகாவின் பள்ளிக்கூடப் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. பாவாடை கோணலாகத் தொங்கியது. எழுந்துபோய் அதைச் சரி செய்தாள். இன்னும் ஒரு மாதத்தில் இந்தக் கொடியில் ஒரே ஒரு புடவை தொங்கும். அது கோணாமல்தான் தொங்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். லட்சுமி படத்தடியில் இருந்த கிண்ணத்திலிருந்து துளி மஞ்சளை எடுத்து எண்ணெயில் குழைத்து, சில்லை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். ஓரத்தில் தெரிந்த கோட்டின் மேல் குங்குமத்தைத் தூவி, ஊதி, மிச்சத்தைத் துணி முனையால் ஒற்றி எடுத்தாள். ஒன்பதின் தலையும் வாலும் முன்போலவே எட்டிப் பார்த்தன. மறுபடி கண்ணாடி வைத்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உஷா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதாம். சமையல் மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதாம்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"என்ன?"

"நல்ல காசு. அனுப்பு."

உஷா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சர் மாசக் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்களாம்."

"முப்பதுக்குக் குடுத்துட்டு, நாளைக்கு அந்த ஆளு ஒண்ணேகாலுக்கு வித்தா வயிறு எரிஞ்சிக்கினு உக்காருவே. லட்சம் வந்தா லீஸுக்கே எடுக்கலாம், மாசா மாசம் வாடகைகூட வேணாம். அப்பா குடுத்த காசு மேல உனக்கு நம்பிக்கை இல்லைன்னா உன் இஷ்டம்."

"உன் மேல நம்பிக்கை இருக்குக்கா" என்றாள் உஷா.

திங்கட்கிழமை உஷா காது கம்மலை அடகு வைத்து ஐயாயிரத்தோடு காசையும் தேசிகனிடம் கொடுத்தாள். மாதக் கடைசியில் பிரிஜெட் டீச்சரின் பின்கட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். உஷா கவலைப்படவில்லை. மாலை வேளைகளில் தீபிகாவும் அவளும் பேப்பரில் லீஸ் விளம்பரங்களைப் பென்சிலால் வட்டம் போட்டார்கள். வேதநாயகி எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். சில வீடுகளுக்கு யோசனைகூடச் சொன்னாள். "அது வேணாம், மேற்கு வெயில் நேரா அடிக்கும்" என்பாள்.

நவம்பரில் காசு திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுத்தமாக, மஞ்சளும் குங்குமமும் இல்லாமல், யாருடைய காசோ போல இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் தரம் எழுதும் இடத்தில் எண் இல்லை. தேசிகன் அதைத் தமிழில் சொன்னார்.

"தேதியைத் திருத்தியிருக்காம்மா. முப்பத்தெட்டை ஒம்பதாக்கியிருக்கான். நாற்பது வருஷமாப் பாக்கறேன், குங்குமத்துல நானும் கவுந்துட்டேன். இப்போ வெள்ளி எடைக்குத்தான் போகும். நூறு ரூபாய்க்கு மேல சொல்ல மாட்டேன்."

உஷா கடையில் அழவில்லை. படியிறங்கும்போது ஒரு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேதநாயகி இரண்டு படி கீழே நின்று காத்திருந்தாள். உஷா திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். உஷா அவள் தோளைத் தொட்டு, "விடுக்கா. நீ என்ன பண்ணுவே. ஐம்பத்தஞ்சு வயசாச்சி. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா" என்றாள்.

வேதநாயகி மிச்சப் படிகளை முன்னால் இறங்கிப் போனாள்.

உஷா நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். நம்பியதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். காந்தா வந்து கன்னடம் கலந்து, "ஹோகலி பிடும்மா, போனது போச்சு. உங்க அக்காவுக்கு முதல்ல கண்ணக் காட்டுங்க" என்றாள். சித்தப்பா மகன் போனில் கண்புரையைப் பற்றி விசாரித்தான். வேதநாயகி கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், தீபிகா அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து மார்க்கெட்டில் பழைய ஷிஃப்ட்டுக்காரிகள் இருவரைப் பார்த்தாள்.

"என்ன நாயகி, கண்ணு அவுட்டாமே" என்றாள் ஒருத்தி. "எட்டுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியலியாமே. எங்கள எத்தன வருஷம் உருட்டின நீ." மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேதநாயகி காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். உஷா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டோட கீழ்ச் சுழி" என்றாள் வேதநாயகி, வாசற்படியிலேயே நின்றுகொண்டு. "இடப் பக்கம். ஊசியால மூணு இழுப்பு. நடு இழுப்பு கை தவறி வெளியே போயிருக்கு, அரை மயிர் கனம். அந்த அமெரிக்காக்காரன் சீட்டுல இதெல்லாம் எழுதல. எழுத மாட்டான். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

உஷா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இது உனக்கு எப்படித் தெரியும்? பெட்டி வந்ததுலேந்து நீ அதைக் கையில தொடலியே."

"நீங்க வீடு பாக்கப் போனீங்களே, அன்னிக்குப் பாத்தேன். பொருக்க எடுத்துப் பாத்துட்டு மறுபடி ஒட்டி வெச்சேன். ஒட்டினது தேசிகனுக்கே தெரியல."

கடைசி வாக்கியத்தில் அவள் குரலில் இருந்த பெருமையை அவளாலேயே அடக்க முடியவில்லை.

உஷா பாவாடையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உனக்குக் கண்ணு தெரியலன்னு ஊரே சொல்லுது, அப்படியே இருக்கட்டும். தெரியும்னு நீ எவகிட்டயாவது வாயத் தொறந்தா, எப்படித் தெரியும்னு நானே மிச்சத்தச் சொல்லுவேன். அம்மா வெச்ச குங்குமத்த எடுத்து ஒட்டி, கூடப் பொறந்தவள ஏமாத்தினவள்னு. மார்க்கெட்டுல சொல்லுவேன். உன் கம்பெனிக்காரிங்க ஒவ்வொருத்தி வீடாப் போயிச் சொல்லுவேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

மறுநாள் வேதநாயகி அரிசிமுறத்தை எடுத்தபோது உஷா அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். காந்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ உக்காருக்கா. உனக்குக் கல்லு எது அரிசி எதுன்னு தெரியாது." அதன் பிறகு ஊசியில் நூலை உஷா கோத்துக் கொடுத்தாள். மின்சார பில்லை உரக்கப் படித்துக் காட்டினாள். தட்டில் பொரியல் எந்தப் பக்கம், ஊறுகாய் எந்தப் பக்கம் என்று சொன்னாள். இலவசக் கண் முகாமுக்கு அழைத்துப் போனாள். உள்ளே டாக்டர் இந்த வயதுக்கு அருமையான பார்வை என்றார். வெளியே காத்திருந்த தெருக்காரர்களிடம் உஷா, "நரம்பு வீக்காம், ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்றாள். வேதநாயகி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை உஷா கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து, காந்தாவின் முன்னால் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டாள்.

"தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்றாள் காந்தா.

உஷா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. போவதற்கு வழியும் இல்லை. அதைப் பற்றி அவள் மறுபடி பேசவும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் சாமான் வாங்க இருவரும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளுமாகத் தெரு அடைத்துக் கிடந்தது. பழைய ஷிஃப்ட்டுக்காரிகள் நாலைந்து பேர் பூக்கடை ஓரம் நின்றிருந்தார்கள். உஷா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் எலும்பில் அழுந்தியது.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா, அக்காவுக்குத் தெரியாது" என்றாள் பொதுவாக. கூட்டம் விலகியது. பூக்கடைப் பக்கமிருந்து ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.

பத்தடி போனதும் உஷா நின்றாள்.

"இங்க படி இருக்குக்கா. காலத் தூக்கி வை."

வேதநாயகி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கீழே பார்த்தாள். தரை சமமாக இருந்தது. தாரில் பதிந்து கிடந்த சோடா மூடி, அதன் விளிம்பில் இருபத்தொரு பல், அதில் ஒன்று மடங்கியிருந்தது, எல்லாம் தெரிந்தது. படி இல்லை. பூக்கடை ஓரம் நின்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் காலைத் தூக்கி வைத்தாள்.